தெரியுது... தெரியுது...!

தொலைநோக்கி வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும் ஒரு மரியாதைப் பொய்யைப் பற்றிச் சொல்வார்கள்.

மொட்டை மாடியில் தொலைநோக்கியை நிறுத்தி, கஷ்டப்பட்டுச் சனி கிரகத்தைப் பிடித்து வைத்துவிட்டு, அக்கம்பக்கத்தவரைக் கூப்பிடுவார்கள். ஒவ்வொருவராக வந்து ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு குனிவார்கள். "தெரியுதா?" என்று கேட்டால், "ம்... தெரியுது, தெரியுது..." என்று பதில் வரும். அப்படியே நகர்ந்துவிடுவார்கள். வளையம் எப்படி இருந்தது என்று கேட்டால்தான் குட்டு உடையும். சிலருக்கு ஒரு மங்கலான வெளிச்சப் பொட்டு மட்டுமே தெரிந்திருக்கும். கூப்பிட்டவர் மனசு நோகக் கூடாதே என்று ஒரு 'தெரியுது'!

இந்தப் பொய்க்கு அடிக்கடி காரணமாக இருப்பது ஆடியோ லென்ஸோ அல்ல. தொலைநோக்கியிலேயே யாரும் பேசாத ஒரு சின்னப் பகுதி. அதன் பெயர் ஃபோகசர். கண் வைத்துப் பார்க்கும் சிறு லென்ஸ் குழாயை (ஐபீஸ்) முன்னும் பின்னும் நகர்த்தும் குழாயும், அதன் பக்கவாட்டில் இருக்கும் திருகும்தான் அது. பெரிய ஆடி சேர்த்துக் கொடுக்கும் வெளிச்சம் எந்த இடத்தில் ஒரு புள்ளியாகக் குவிகிறதோ, அந்த இடத்துக்கு ஐபீஸைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் அதன் வேலை.

ஒருவர் குவியம் இன்னொருவருக்கு ஆகாது

"ஒரு தடவை சரியாக வைத்துவிட்டால் எல்லோரும் பார்க்கலாமே?" என்று தோன்றும். அங்கேதான் சிக்கல்.

ஒரு கணக்கு. கிட்டப்பார்வை உள்ளவர், கண்ணாடி பவர் மைனஸ் 4. மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு 25 மி.மீ. ஐபீஸ் வழியாகப் பார்க்கிறார். சரியான பார்வை உள்ளவருக்கு வைத்த இடத்திலிருந்து ஐபீஸை அவருக்காக 2.5 மி.மீ. உள்ளே தள்ளியாக வேண்டும். (ஐபீஸின் குவிய நீளத்தை அதாலேயே பெருக்கி, கண்ணாடி பவராலும் பெருக்கி, 1000-ஆல் வகுத்தால் இந்த விடை வரும்.) தூரப்பார்வை உள்ளவர் என்றால் வெளியே இழுக்க வேண்டும். 'சிலிண்டர் பவர்' இருப்பவர்களுக்கு ஃபோகசரால் முழுத் தீர்வு கிடையாது. அவர்கள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டே பார்ப்பதுதான் நல்லது.

வயதும் ஒரு காரணம். இளம் கண்ணில் இருக்கும் லென்ஸ் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். ஃபோகஸ் சற்றே தவறியிருந்தாலும் கண் தானாகவே சமாளித்துவிடும். நாற்பது தாண்டி வெள்ளெழுத்து வந்தவர்களின் கண்ணால் அது முடியாது. அதனால்தான் பேரன் "சூப்பரா தெரியுது பாட்டி" என்று குதிக்கும் அதே தொலைநோக்கியில் பாட்டிக்கு ஒரு பஞ்சுப் பொதி மட்டும் தெரிகிறது. பாட்டி பார்வையில் கோளாறு என்று எல்லோரும் முடிவு கட்டிவிடுகிறார்கள். திருகைக் கால் சுற்று திருப்பியிருந்தால் போதும்!

தொலைநோக்கியின் மற்ற எல்லா பாகங்களையும் அதை வைத்திருப்பவர் ஒருவரே சரிசெய்து வைத்துவிடலாம். பார்க்க வருகிற ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக மாற வேண்டிய பாகம் ஃபோகசர் ஒன்றுதான். ஒரு தொலைநோக்கி ஒருவர் சொத்தாக இருப்பதா, பத்துப் பேர் பார்ப்பதா என்பதை அதுதான் தீர்மானிக்கிறது.

கார்த்திகையைப் பார்க்காத கிருத்திகை

இதைத் திருத்தணியில் வைத்து யோசித்துப் பார்க்கலாம்.

ஆண்டின் நாட்களுக்கு ஒன்றாக 365 படிகள் என்று சொல்லப்படும் மலைக்கோயில். ஆடிக் கிருத்திகை வந்தால் காவடிகளோடு ஊரே நிரம்பிவிடும். 1960-இல் ஆந்திரத்திலிருந்து அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்த ஊர் என்பதால் கூட்டத்தில் தமிழும் தெலுங்கும் கலந்தே கேட்கும். இந்தத் திருவிழாவின் பெயரே ஒரு நட்சத்திரக் கூட்டத்தின் பெயர். நிலவு கார்த்திகை நட்சத்திரத்தோடு சேரும் நாள்தான் கிருத்திகை. முருகனைப் பாலூட்டி வளர்த்த ஆறு கார்த்திகைப் பெண்களும் அந்தக் கூட்டம்தான். சங்க இலக்கியம் 'அறுமீன்' என்கிறது. வானியலில் அதன் பெயர் பிளீயடிஸ். சுமார் 440 ஒளியாண்டு தூரத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நட்சத்திரங்கள் ஒன்றாகப் பிறந்து இன்னும் பிரியாமல் இருக்கின்றன.

ஆடி மாதத்தில் கார்த்திகைக் கூட்டம் கிழக்கே எழும்போது நள்ளிரவு ஆகிவிடும். போதாததற்கு மேகம் வேறு. அதைப் பார்க்க நல்ல காலம் கார்த்திகை மாதத்திலிருந்து மாசி வரையிலான முன்னிரவுகள். வெறுங்கண்ணுக்கு ஆறு புள்ளிகள். 130 மி.மீ. ஆடியும் 650 மி.மீ. குவிய நீளமும் கொண்ட சாதாரணத் தொலைநோக்கியில் 25 மி.மீ. ஐபீஸைப் போட்டால் 26 மடங்கு பெருக்கம். ஆறு பெண்களும் ஒரே வட்டத்துக்குள் அடங்கிவிடுவார்கள். அவர்களைச் சுற்றி ஊசி முனை போலப் பத்துப் பத்தாக நட்சத்திரங்கள் தெரியும்.

ஊசி முனையாகத் தெரிவது ஃபோகஸ் சரியாக இருந்தால் மட்டுமே. கொஞ்சம் தவறினாலும் ஒவ்வொரு நட்சத்திரமும் நடுவில் ஓட்டை விழுந்த மெதுவடையாகிவிடும். (ஆடி வகைத் தொலைநோக்கியில் குழாய்க்குள் இருக்கும் சின்ன ஆடியின் நிழல்தான் அந்த ஓட்டை.) மங்கலான நட்சத்திரங்களின் வெளிச்சம் பரவி நீர்த்துப்போய் மறைந்தே விடும். வாழ்நாள் முழுக்கக் கிருத்திகைக்கு விரதம் இருந்த ஒருவர் முதல் முறையாக அந்த நட்சத்திரங்களையே பார்க்கக் குனிகிறார். அவருக்குக் கிடைப்பது முப்பது நொடி. "தெரியுதா?", "கனபடுதுந்தா?" என்று எந்த மொழியில் கேட்டாலும், அந்த முப்பது நொடியில் திருகு வழுக்காமல், சிக்காமல், ஆடாமல் திரும்ப வேண்டும்.

பெட்டியில் எழுதாத எண்

மலிவான தொலைநோக்கிகளின் பெட்டி மேல் "500 மடங்கு பெருக்கம்" என்று கொட்டை எழுத்தில் இருக்கும். நடைமுறையில் ஆடியின் விட்டம் எத்தனை மி.மீட்டரோ அதைப் போல் இரு மடங்குதான் பயனுள்ள பெருக்கத்தின் எல்லை. 114 மி.மீ. ஆடிக்கு 228 மடங்கு. அதற்கு மேல் போனால் மங்கல்தான் பெரிதாகும். ஆனாலும் 500 என்ற எண் விற்கும். "இதில் ஃபோகசர் நன்றாகத் திரும்பும்" என்று எழுதினால் யார் வாங்குவார்கள்? காஸ்ட் அக்கவுண்டிங் படித்தவர்களுக்கு மீதி தானாகவே புரியும். வாங்குபவர் கண்ணில் படாத இடத்தில்தான் செலவைக் குறைப்பார்கள். பிளாஸ்டிக் பல்சக்கரம், தொளதொளத்த குழாய், ஆட்டத்தை மறைக்கப் பசை மாதிரி ஒரு கிரீஸ்.

இந்த வகைக்கு 'ரேக் அண்ட் பினியன்' என்று பெயர். குழாயின் மேல் ஒரு பற்சட்டம், திருகின் தண்டில் ஒரு பற்சக்கரம். பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே இடைவெளி இருந்தால், திருகைத் திருப்பும் திசையை மாற்றும்போது முதலில் கொஞ்ச தூரம் ஒன்றுமே நகராது. பிறகு சட்டென்று தாவும். மெக்கானிக் பாஷையில் 'பிளே'. நல்ல உலோகத்தில் துல்லியமாக வெட்டிய பற்களோடு வருபவை பிரமாதமாக வேலை செய்யும். அதனால் குற்றம் அமைப்பின் மீது அல்ல, தயாரிப்பின் மீதுதான்.

எவ்வளவு துல்லியம் வேண்டும்? அது ஆடியின் எஃப் எண்ணைப் பொறுத்தது. குவிய நீளத்தை ஆடியின் விட்டத்தால் வகுத்தால் கிடைப்பது எஃப் எண். அதை அதாலேயே பெருக்கி 2.2-ஆல் பெருக்கினால், படம் கூர்மையாக இருக்கும் இடத்தின் நீளம் மைக்ரானில் கிடைக்கும். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

எஃப்/10 தொலைநோக்கிக்கு 220 மைக்ரான். எஃப்/8-க்குச் சுமார் 140. எஃப்/5-க்கு வெறும் 55. ஒரு தலைமுடியின் பருமன்!

திருகின் தண்டு 4 மி.மீ. விட்டம் என்று வைத்துக்கொண்டால், ஒரு முழுச் சுற்றுக்குக் குழாய் சுமார் 12.6 மி.மீ. நகரும். அதில் 55 மைக்ரான் என்பது ஒன்றரை டிகிரிக்குச் சற்று மேல். கடிகாரத்தின் நிமிட முள் கால் நிமிடத்தில் நகரும் கோணம். இருட்டில், விரல் நுனியில், வரிசையில் ஆட்கள் நிற்கும்போது இதைச் செய்ய வேண்டும். எஃப்/10 என்றால் ஒரு முழு நிமிடத்தின் கோணம் கிடைக்கும். 2009 சர்வதேச வானியல் ஆண்டுக்காக வந்த 'கலிலியோஸ்கோப்' என்ற எளிய தொலைநோக்கியில் திருகே இல்லாமல் குழாயைக் கையால் இழுத்துத் தள்ளும்படி விட்டிருந்தார்கள். அது எஃப்/10. அதனால் தாக்குப்பிடித்தது.

காப்புரிமை வாங்காத ஒரு மனிதர்

பல் இருந்தால்தானே இடைவெளி? பல்லே இல்லாவிட்டால்?

இப்படி யோசித்தவர் ஜான் வால் என்ற ஆங்கிலேயர். லண்டன் பக்கம் கிரேஃபோர்டில் இருந்த ஒரு வானியல் சங்கத்தைச் சேர்ந்த அமெச்சூர். அவர் அமைப்பில் நான்கு சிறு பேரிங்குகள் குழாயை ஒரு பக்கம் தாங்கும். எதிர்ப் பக்கம் ஒரு வழவழப்பான உருளைத் தண்டு குழாயை அழுத்திக்கொண்டிருக்கும். தண்டைத் திருப்பினால் உராய்விலேயே குழாய் நகரும். பல் இல்லை, இடைவெளி இல்லை, தாவலும் இல்லை. 1970-களின் தொடக்கத்தில் இதன் விவரம் பத்திரிகைகளில் வெளியானது. அந்த ஊர்ப் பெயராலேயே அது 'கிரேஃபோர்டு ஃபோகசர்' ஆனது. அவர் இதற்குக் காப்புரிமை வாங்கவில்லை. யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். இன்று உலகெங்கும் பல நிறுவனங்கள் அதைத் தயாரித்து விற்கின்றன. வணிகவியல் வகுப்பில் இதை எந்தத் தலைப்பில் சேர்ப்பது என்று தெரியவில்லை. லாபக் கணக்கில் வராத லாபம்!

பின்னாளில் வந்த இன்னொரு வசதி இரட்டை வேகம். பெரிய திருகோடு ஒரு சின்னத் திருகும் இருக்கும். சின்னதைப் பத்துச் சுற்று சுற்றினால் பெரியது ஒரு சுற்று திரும்பியதற்குச் சமம். மேலே பார்த்த ஒன்றரை டிகிரி இப்போது சுமார் பதினாறு டிகிரி ஆகிவிடும். விரலுக்கு மூச்சு விட இடம் கிடைக்கும். கிரேஃபோர்டுக்கு ஒரு பலவீனம் உண்டு. உராய்வை நம்பி நிற்பதால், கனமான கேமராவை மாட்டினால் வழுக்கலாம்.

வாங்கும் முன் ஒரு நட்சத்திரத்தைக் கேளுங்கள்

நல்ல ஃபோகசரின் விலை சில நேரம் சின்னத் தொலைநோக்கியின் விலையையே எட்டிப் பிடிக்கும். ஆகவே, நோய் எங்கே என்று தெரிந்துகொண்டு மருந்து வாங்குவது நல்லது. மங்கலாகத் தெரிவதெல்லாம் ஃபோகசரின் குற்றம் அல்ல.

இதற்குப் பெரிய உதாரணம் ஹப்பிள். 1990-இல் விண்ணுக்குப் போனது. அதன் 2.4 மீட்டர் ஆடியின் விளிம்பு சுமார் 2 மைக்ரான் கூடுதலாகத் தேய்க்கப்பட்டிருந்தது. எவ்வளவு ஃபோகஸ் செய்தும் படம் கூர்மையாகவில்லை. விளிம்பு வெளிச்சமும் நடு வெளிச்சமும் ஒரே இடத்தில் குவியவே இல்லை. 1993 டிசம்பரில் விண்வெளி வீரர்கள் போய்த் திருத்தும் ஒளியியல் கருவிகளைப் பொருத்தினார்கள். ஏறக்குறைய அதே அளவு ஆடி, 2.34 மீட்டர், நம் ஜவ்வாது மலையில் காவலூரில் இருக்கிறது. 1986-இல் அர்ப்பணிக்கப்பட்டு, அதற்குக் கனவு கண்டு நிறைவைப் பார்க்காமல் 1982-இல் மறைந்த வைணு பாப்புவின் பெயரைத் தாங்கி நிற்கிறது. வடிவமைப்பும் கட்டுமானமும் இந்தியாவிலேயே நடந்தன. ஆடி சரியாக இருந்தால்தான் ஃபோகசருக்கு வேலை. ஆடி தவறினால் ஃபோகசர் என்ன செய்யும், பாவம்!

வீட்டுத் தொலைநோக்கிக்குப் பரிசோதனை எளிது. பிரகாசமான நட்சத்திரம் ஒன்றை நடுவில் வைத்து, திருகை இரண்டு பக்கமும் கொஞ்சம் தாண்டித் திருப்பிப் பார்க்க வேண்டும்.

வட்டத்தின் ஓட்டை ஓரமாக ஒதுங்கியிருந்தால் ஆடிகள் நேராக இல்லை. ஸ்குரூ டிரைவரோடு முடிந்துவிடும், செலவில்லை.

கொதிக்கிற தண்ணீருக்கு அடியில் இருப்பது போல வட்டம் நெளிந்தால் காற்றின் வேலை, அல்லது வீட்டுக்குள்ளிருந்து கொண்டுவந்த ஆடி இன்னும் ஆறவில்லை. பகல் முழுக்க வெயில் குடித்த மொட்டை மாடித் தளமும் இரவில் அனலைக் கக்கும். அரை மணியோ ஒரு மணி நேரமோ பொறுத்திருக்கலாம்.

காற்று அடங்கிய பிறகும் உள் பக்கம் ஒரு மாதிரி, வெளிப் பக்கம் வேறு மாதிரி வளையங்கள் தெரிந்தால் சந்தேகம் ஆடி மேல்தான்.

திருகைத் திருப்பும்போது நட்சத்திரம் பக்கவாட்டில் குதித்தால், அல்லது சரியான இடத்தைப் பிடிக்க முடியாமல் தாண்டித் தாண்டிப் போனால், அப்போதுதான் ஃபோகசர் குற்றவாளி.

முதலில் ஹார்டுவேர் கடை

குற்றவாளி என்று தெரிந்த பிறகும் உடனே புதிதாக வாங்க வேண்டியதில்லை.

குழாயை வெளியே எடுத்து, பிசுபிசுத்த பழைய கிரீஸை மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்துவிட்டு, நல்ல கிரீஸை மெல்லிசாகத் தடவலாம். (ஆடியின் பக்கம் மண்ணெண்ணெயைக் கொண்டுபோகக் கூடாது.) குழாய் ஆடினால், குழாய்க்கும் கூட்டுக்கும் நடுவே மெல்லிய பிளாஸ்டிக் பட்டைகளை ஒட்டி இடைவெளியை அடைக்கலாம். குளிர்பான பாட்டிலில் வெட்டியது போதும். பற்சக்கரத்தை அழுத்திப் பிடிக்கும் சிறு ஸ்குரூக்களைக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கிப் பார்க்கலாம்.

இரட்டை வேகத்துக்கு ஏழையின் மாற்று ஒன்று உண்டு. துணி காயப்போடும் கிளிப்! திருகின் மேல் அதைக் கவ்வவிட்டால் நெம்புகோல் போல நீளும். அதன் நுனியை ஒரு சென்டிமீட்டர் தள்ளினால் திருகு மிகக் கொஞ்சமே திரும்பும். பல அமெச்சூர்கள் பயன்படுத்தும் வழி இது. செலவு சில ரூபாய்.

இன்னொன்று அட்டை. தொலைநோக்கியின் வாயை மூடும் அளவுக்கு ஒரு அட்டை வெட்டி, எதிரெதிரே இரண்டு ஓட்டை போட்டால், ஃபோகஸ் தவறியிருக்கும்போது ஒரு நட்சத்திரம் இரண்டாகத் தெரியும். சரியானதும் ஒன்றாகச் சேர்ந்துவிடும். கேமராக்காரர்களுக்கு இதைவிடத் துல்லியமான கோடு போட்ட அட்டையை 2005-இல் பாவெல் பக்தினோவ் என்ற ரஷ்ய அமெச்சூர் கொடுத்தார்.

இவ்வளவும் செய்து பலிக்காவிட்டால் தாராளமாக மாற்றலாம். மாற்றும் முன் அளக்க வேண்டியவை சில. புது ஃபோகசர் முழுதாக உள்ளே போன நிலையில் அதன் உயரம் பழையதைவிட அதிகமாக இருந்தால், குவியம் அதன் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். கேமராவோ சில ஐபீஸ்களோ அங்கே எட்டாது. அடிப்பகுதியின் வளைவு தொலைநோக்கிக் குழாயோடு பொருந்த வேண்டும். ஐபீஸ்கள் ஒன்றேகால் அங்குலமா இரண்டு அங்குலமா என்பதையும் பார்க்க வேண்டும். டிரில் போடும் முன் ஆடிகளைக் கழற்றி எடுத்துவிட வேண்டும். உலோகத் தூள் ஆடியில் விழுந்தால் அந்தக் கீறல் போகாது. எல்லாம் முடிந்த பின் ஆடிகளை மறுபடி நேராக்க வேண்டும்.

அமெரிக்காவில் ஜான் டாப்சன் என்றொருவர் இருந்தார். வேதாந்த மடத்தில் இருபதாண்டுக்கும் மேல் துறவியாக இருந்து, 1967-இல் வெளியே வந்தவர். கட்டுமான வேலைக்கான அட்டைக் குழாய்களில் பெரிய தொலைநோக்கிகளைச் செய்து, சான் பிரான்சிஸ்கோ நடைபாதைகளில் வைத்து, போகிற வருகிறவர்களுக்கெல்லாம் வானத்தைக் காட்டினார். ஒரு தொலைநோக்கியின் தரத்தை எத்தனை பேர் அதன் வழியாகப் பார்த்தார்கள் என்பதை வைத்து அளக்கலாம் என்றால், அவருடைய அட்டைக் குழாய்கள் பல விலை உயர்ந்த கருவிகளை வென்றுவிடும்.

ஃபோகசரை மேம்படுத்துவது பொழுதுபோக்குக்காரரின் ஆடம்பரம் போலத் தோன்றலாம். ஆனால் தனியாகப் பார்ப்பவர் எந்த மட்டமான திருகோடும் பழகிக்கொள்வார். அதன் ஆட்டமும் தாவலும் அவர் விரலுக்கு மனப்பாடம். சிரமப்படுவது புதிதாக வருகிறவர்தான். எனவே நல்ல திருகு என்பது தனக்காக வாங்குவது அல்ல, வரப்போகிறவருக்காக.

அந்தத் திருகைப் பொருத்திய பிறகு கேள்வியையும் மாற்றிவிடலாம். "தெரியுதா?" என்று கேட்காமல், வருபவரின் விரலை எடுத்துத் திருகின் மேல் வைத்து, "மெதுவா திருப்புங்க, புள்ளி புள்ளியா ஆனதும் நிறுத்துங்க" என்று சொன்னால் போதும். அவர் எப்போது நிறுத்துகிறாரோ, அப்போது அவருக்கு உண்மையிலேயே தெரிந்துவிட்டது என்று அர்த்தம்.